எந்த இலை நல்ல இலை?

ஆடி பிறந்து நாலு நாள் இருக்கும். மல்லாட்டை விதைக்க ஆள் சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் போன் செய்தான். மழை பெய்ததா, சினை மாடு எப்படி இருக்கிறது, அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா என்றெல்லாம் விசாரித்தான். அப்புறம் கொஞ்சம் இழுத்தாற்போலக் கேட்டான்.

"அப்பா, பைப்ல போட்டுப் பிடிக்கிற புகையிலை இருக்குதில்ல, அதுல புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு எது நல்லா இருக்கும்? உனக்குத்தான் அதெல்லாம் தெரியுமே."

"யாருக்குடா?"

"ரூம்ல இருக்கிற ஃபிரெண்டுக்குப்பா. சிகரெட் மாதிரி இல்ல. உள்ள இழுக்கவே மாட்டாங்க. சும்மா வாசனைக்குத்தான்."

ராத்திரி பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவன் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் ரெண்டு தலைமுறையாகப் புகையிலையை மோந்து பார்த்தே தரம் சொன்னவர்கள் நாங்கள். அந்தப் பதிலை மகனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அன்று பொழுதெல்லாம் யோசித்ததை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி உங்கள் வீட்டிலும் வரலாம்.

பால் ஊற்றப் போன வீடு

எங்கள் ஊர் திருவண்ணாமலையில் இருந்து செங்கம் போகும் ரோட்டில் இறங்கி உள்ளே போக வேண்டும். 1994-ல் எனக்கு 19 வயது. காலையில் சைக்கிளில் பால் கேனை மாட்டிக்கொண்டு ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு ஊற்றப் போவேன். அங்கே வாடகைக்கு இருந்த வெளிநாட்டுக்காரர்கள்தான் எங்களுக்கு முக்கால்வாசி வாடிக்கை. அதில் ஒருவர் இங்கிலாந்துக்காரர், எழுபது வயதுப் பெரியவர். அரைகுறைத் தமிழ் பேசுவார். பௌர்ணமி தவறாமல் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றுவார். சாயங்காலம் மலையைப் பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்து பைப் பிடிப்பார்.

அவர் வீட்டு அலமாரியில் வட்ட வட்டமாகத் தகர டப்பாக்கள் அடுக்கி இருக்கும். பால் காசு வாங்கப் போன ஒரு நாள், "மோந்து பார்" என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்தது இன்றுவரை மறக்கவில்லை. நமக்கும் விவசாயம்தானே, சட்டென்று பிடிபட்டது.

செடி எல்லாம் ஒரே புகையிலைச் செடிதான். ரகமும் மண்ணும் மாறும். ஆனால் மணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அறுவடைக்கு அப்புறம் இலையை எப்படிக் காய வைக்கிறோம் என்பதுதான். வர்ஜீனியா என்று ஒன்று. அதைச் சூளை மாதிரி மூடிய கொட்டகையில் தொங்கவிட்டு, குழாய் வழியாகச் சூடு விட்டு உலர்த்துவார்கள். புகை இலைமேல் படாது. இலை மஞ்சளாகி, அதிலுள்ள சர்க்கரை அப்படியே தங்கிவிடும். புது வைக்கோல் போர் வாசனை. ஆந்திராவிலும் கர்நாடகாவில் மைசூர் பக்கத்திலும் விளைவது இதுதான். பர்லி என்பதை நிழலில் வாரக்கணக்கில் காற்றாட உலர்த்துவார்கள். அதில் சர்க்கரை அநேகமாகப் போய்விடும். வறுத்த மல்லாட்டைத் தோல் மாதிரி ஒரு மணம். எந்த இனிப்பை ஊற்றினாலும் உறிஞ்சிக்கொள்ளும். துருக்கி, கிரீஸ் நாட்டு இலை கையகலம்கூட இருக்காது. வெயிலில் காய்ந்து காய்ந்த மூலிகைபோல மணக்கும்.

லட்டாக்கியா என்று ஒரு கறுப்பு இலை. சிரியா நாட்டுத் துறைமுகம் ஒன்றின் பெயர் அது. விறகுப் புகையிலேயே பழுக்க வைத்த இலை. அதை மோந்ததும் எங்கள் பாட்டி அடுப்புக்கு மேலே விதைக்காகக் கட்டித் தொங்கவிடும் சோளக்கதிர்தான் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் லூசியானா பக்கத்து பெரீக் என்ற இலையைப் பீப்பாயில் போட்டு அழுத்தி, அதன் சாற்றிலேயே மாதக்கணக்கில் ஊறவிடுவார்களாம். மூடியைத் திறந்தால் ஊறுகாய் ஜாடிபோலப் புளித்த மணம். கேவண்டிஷ் என்பது இலையின் பெயரே இல்லை. இலையை ஆவி காட்டி, இனிப்புச் சேர்த்து, அழுத்திப் பலகைபோல் ஆக்கி வெட்டும் முறைக்கு அந்தப் பெயர். இவற்றை விதவிதமான அளவில் கலந்து, சிலவற்றின்மேல் வெனிலா, செர்ரி, சாக்லேட், ரம் என்று வாசனை தெளித்து விற்கிறார்கள். இதுதான் அந்த டப்பாக்களின் ரகசியம்.

"புதிதாகப் பிடிப்பவன் எதை எடுப்பான்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு வெனிலா டப்பாவைத் தட்டினார். எல்லாரும் இதைத்தான் எடுப்பார்களாம். ஆனால் டப்பாவில் மணக்கும் அளவுக்கு வாயில் மணக்காது என்றார். இனிப்பு ரகத்தில் ஈரம் அதிகம். அவசரமாக இழுத்தால் சூடேறி நாக்கைக் கடிக்கும். காகிதத்தில் பரப்பிக் கொஞ்ச நேரம் ஆறவிட வேண்டும். முதல் பிடியைக் குழந்தை கையால் வைப்பதுபோல லேசாகவும், இரண்டாவதைப் பெண் கையால் வைப்பதுபோலவும், மூன்றாவதை ஆண் கையால் வைப்பதுபோல அழுத்தமாகவும் நிரப்ப வேண்டும். இது அவர்கள் ஊர்ச் சொலவடை. பழகின பின்பு வாசனை சேர்க்காத வர்ஜீனியாவுக்குப் போவார்கள், லட்டாக்கியா கடைசியில்தான் பிடிபடும் என்றார்.

பழைய பைப் ஒன்றை எனக்குக் கொடுத்தார். அந்த வெனிலா டப்பாவில் பாதியும் கொடுத்தார். நல்ல மனதோடுதான் கொடுத்தார்.

அப்பாவின் மூக்கு

எங்கள் அப்பா வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். தேரடி வீதிக்குப் போனால் கடைக்காரர் அவருக்கென்று உள்ளே இருந்து கட்டு எடுத்து வருவார். அப்பா இலையை விரித்து ரெண்டு விரலால் இழுத்துப் பார்ப்பார். நொறுங்கினால் வேண்டாம். தோல் மாதிரி இழுபட வேண்டும். இலைமேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்க வேண்டும். அப்புறம்தான் மோந்து பார்ப்பார். "இது திண்டுக்கல் பக்கம். இது வேதாரண்யத்து இலை. இதுக்குப் பாகு ஜாஸ்தி தெளிச்சிருக்கான்" என்பார். கடைக்காரர் மறுத்துப் பார்த்ததே இல்லை.

வாயில் போடும் புகையிலைக்குத் தமிழ்நாடு பேர்போனது. திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூரில் 1948-லிருந்து மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உப்புத் தண்ணீர்க் கிணற்றுப் பாசனத்திலும் வருகிற பயிர் என்பதால் வறட்சிப் பக்கத்து விவசாயி அதைப் பிடித்துக்கொண்டான். நம் ஆட்கள் செடியை அடியோடு வெட்டி, வெயிலில் வாட்டி, அம்பாரம் போட்டு, பிரித்து, மறுபடி அம்பாரம் போட்டுப் பழுக்க வைப்பார்கள். கருப்பட்டித் தண்ணீர் தெளிப்பதும் உண்டு. இதற்குப் பாடம் பண்ணுவது என்று பெயர். யாழ்ப்பாணத்தில் புகை போட்டுப் பாடம் பண்ணிய இலை ஒரு காலத்தில் படகேறித் திருவிதாங்கூருக்குப் போனது. ஆக, வெள்ளைக்காரர் டப்பாவில் இருந்த புகையும் அழுத்தமும் இனிப்பும் நம் ஊரிலும் இருந்ததுதான். பெயர்தான் வேறு.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். அப்பாவே பால் கேனை எடுத்துக்கொண்டு போனார். ரெண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து இலை மாற்றிக்கொண்டார்களாம். அப்பாவின் இலையைப் பொடித்துப் பைப்பில் போட்டு ரெண்டு இழுப்பு இழுத்த பெரியவருக்கு இருமல் வந்து, கண்ணில் தண்ணி வந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் பேச்சு வந்ததாம். அதைச் சொல்லிச் சொல்லி அப்பா ஒரு மாதம் சிரித்தார்.

ஆனால் வெனிலா டப்பாவை மோந்து பார்த்துவிட்டு வந்து அவர் சொன்னதுதான் முக்கியம்.

"அது இலை வாசனை இல்லடா, ஐஸ் வண்டி வாசனை. புது ஆளைப் பிடிக்கிற இலை அது. எனக்கும் பெரியப்பா அப்படித்தான் குடுத்தாரு."

அப்பாவுக்கு 14 வயதில் ஆரம்பம். விடியற்காலம் மூணு மணிக்குக் கவலை ஓட்டப் போவார்கள். பசியும் தூக்கமும் தள்ளும். பெரியப்பா மடியில் இருந்து பாகில் ஊறிய துண்டு ஒன்றைக் கிள்ளிக் கொடுத்து, "இனிப்பா இருக்கும், அடக்கிக்க, தூக்கம் வராது" என்றாராம். இனிப்புத் துண்டில் தொடங்கியவர் அஞ்சு வருஷத்தில் திண்டுக்கல் காரத்துக்கு வந்துவிட்டார்.

பழநி முருகனுக்கே புகையிலையைத் தூது அனுப்புவதாக 'புகையிலை விடு தூது' என்று ஒரு நூல் உண்டு. உ.வே.சா. பதிப்பித்தது. எழுதியவர் பெயர் சீனிச்சர்க்கரைப் புலவர். எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயா சொல்லித் தெரியும். சர்க்கரையும் புகையிலையும் அன்றைக்கே கூட்டாளிகள்தான் என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

டப்பா போனது, பழக்கம் நின்றது

வெனிலா டப்பா எனக்கு நாலு மாதம் வந்தது. மறைக்கவில்லை, நன்றாகத்தான் இருந்தது. மாடு ஓட்டிவிட்டு வந்து கிணற்று மேட்டில் உட்கார்ந்து பிடிப்பேன். பெரிய மனுஷன் ஆனதுபோல ஒரு நினைப்பு. அடுத்த வருஷம் பெரியவர் ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வரவில்லை. அந்த டப்பா நம் ஊர்க் கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் வாங்கக் காசு இல்லை.

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. எனக்கு வேண்டியிருந்தது வெனிலா இல்லை. வெனிலாதான் என்றால் டப்பா தீர்ந்ததும் மறந்திருப்பேன். கை தானாகப் பெட்டிக்கடைக்குப் போனது. பத்துப் பைசா பீடிக்கு என்ன வாசனை? ஒன்பது வருஷம் பிடித்தேன். வாசனை டப்பாவோடு போய்விட்டது. நிகோடின் என்னோடு நின்றுவிட்டது.

"உள்ளே இழுக்க மாட்டாங்க" என்று மகன் சொன்னதும் சரிதான், பைப் பிடிக்கிறவர்கள் பலர் இழுப்பதில்லை. ஆனால் நிகோடின் வாய்ச் சவ்வு வழியாகவே இறங்கும். வெற்றிலையோடு அடக்குகிற புகையிலை அப்படித்தானே வேலை செய்கிறது? புகையைத் திரும்பத் திரும்ப வாயில் வைத்திருந்தால் உதடு, நாக்கு, தொண்டை இவற்றில் புற்று வரும் ஆபத்து பைப்புக்கும் சுருட்டுக்கும் உண்டு. இலையின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

சுண்ணாம்பு சுட்டது

2003 தை மாதம். அப்பாவின் இடது கன்னத்து உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. கேட்டதற்கு, "சுண்ணாம்பு சுட்டுடுச்சு, ஆறிடும்" என்றார். நாங்களும் நம்பினோம். சுண்ணாம்பு சுட்டால் நாலைந்து நாளில் ஆற வேண்டும். இது ஆறவில்லை. காரம் பட்டால் எரிந்தது. அப்பா என்ன செய்தார் தெரியுமா? காரம் குறைந்த, இனிப்பு இலைக்கு மாறினார்.

அதை வாங்கி வந்தவன் நான்தான். தேரடி வீதிக் கடையில் நின்று, இழுத்துப் பார்த்து, மோந்து பார்த்து, அப்பாவுக்கு எரியாத இலையாகத் தேர்ந்தெடுத்து வாங்கி வந்தேன். ஆறு மாதம். நல்ல மகன் என்று கடைக்காரர்கூடச் சொன்னார்.

ஆடியில் வாய் ரெண்டு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சதை எடுத்துச் சோதித்தார்கள். சென்னைக்கு அனுப்பினார்கள். கன்னத்தோடு தாடையில் ஒரு பகுதியை எடுத்தார்கள். அப்புறம் கரண்ட் வைத்தார்கள். கரண்ட் என்று நாம் சொல்வது கதிர்வீச்சு. ரெண்டு கறவை மாடு போனது. ஒரு ஏக்கர் போகியத்துக்குப் போனது. அதை மீட்க எனக்கு ஏழு வருஷம் ஆனது.

அப்பா உயிரோடு வீட்டுக்கு வந்தார். ஆனால் நாக்குக்கு ருசி போய்விட்டது. எச்சில் ஊறவில்லை. கூழைக் கரைத்துக் கொடுத்தால் குடித்துவிட்டு எங்கள் அம்மாவைப் பார்த்து, "உப்பு போட்டிருக்கியா?" என்று கேட்பார். போட்டிருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. இலையை மோந்து ஊர் சொன்ன மனுஷன். 2006-ல் கார்த்திகைத் தீபத்துக்கு ஒரு வாரம் முன்னால் போய்விட்டார். அவருக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நான் போட்ட பீடிதான் கடைசி.

டாக்டர் ஒருவர் அன்றைக்குச் சொன்னதை எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ புண்ணோ ரெண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால், சுண்ணாம்பு சுட்டது, பல் குத்தியது என்று காரணம் தேடாமல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். தொடக்கத்திலேயே பார்த்தால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம். மாதம் ஒரு தடவை கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து நாமே பார்த்துக்கொள்ளலாம். விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. எங்கள் காலத்தில் அது இல்லை.

எங்கள் வீட்டில் இப்போது

இன்றும் தேரடி வீதியில் புகையிலை வாங்குகிறேன், உடைந்த இலையும் தூளுமாக. கத்திரிக்கு அக்னி அஸ்திரம் போட. 20 லிட்டர் மாட்டுக் கோமியத்தில் அரைக் கிலோ புகையிலை, அரைக் கிலோ பச்சை மிளகாய், கால் கிலோ பூண்டு, 5 கிலோ வேப்பிலை எல்லாம் இடித்துப் போட்டுக் கொதிக்க வைத்து, ரெண்டு நாள் ஊறவிட்டு வடிகட்டுவோம். நூறு லிட்டர் தண்ணீருக்கு ரெண்டு மூணு லிட்டர் கலந்தால் தண்டுத் துளைப்பான், காய்ப்புழுவுக்குக் கேட்கிறது. இயற்கை மருந்துதானே என்று அலட்சியம் வேண்டாம். நிகோடின் தோல் வழியாகவும் இறங்கும். ஈரப் புகையிலை இலையை அறுப்பவர்களுக்கு வாந்தியும் தலைசுற்றலும் வருவது இதனால்தான். கையுறை போட்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு தெளியுங்கள். தேனீ வரும் நேரத்தில் தெளிக்காதீர்கள்.

இன்னொன்று. புகையிலை மொசைக் வைரஸ் என்று ஒன்று உண்டு. உலகத்தில் முதன்முதலாக அறியப்பட்ட வைரஸே அதுதான். காய்ந்த இலையிலும் பீடி, சுருட்டிலும் சாகாமல் இருக்கும். அதைத் தொட்ட கையால் தக்காளி, மிளகாய் நாற்றைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். நாற்றங்காலில் இறங்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அப்பா காலத்தில் எங்கள் மிளகாய் நாற்று ஏன் அடிக்கடி தேமல் விழுந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

ராத்திரி பேசியது

அன்று ராத்திரி மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வர்ஜீனியா, பர்லி, லட்டாக்கியா என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். மறைத்தால் வேறு எவனாவது சொல்லிக் கொடுப்பான். புது ஆளுக்கு வெனிலாதான் பிடிக்கும் என்பதையும், அது ஏன் என்பதையும் சொன்னேன். அப்புறம் அவன் தாத்தாவைச் சொன்னேன். தாத்தா போனபோது அவனுக்கு நாலு வயது. அவர் புகையிலை போட்டதால் போனார் என்று தெரியும். எரியாத இலையாகப் பார்த்து நான் வாங்கி வந்தது தெரியாது. அதை அவனிடம் சொன்னது அன்றைக்குத்தான்.

ரொம்ப நேரம் பேச்சில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"ஃபிரெண்டுக்கு இல்லப்பா, எனக்குத்தான். டப்பா வாங்கிட்டேன். மூணு தடவை பிடிச்சேன். நல்லா இருந்துச்சுப்பா" என்றான்.

"தெரியும்டா. நல்லாத்தான் இருக்கும். மூணு தடவையோட இருக்கிறப்பவே கேட்டியே, அதுவே போதும்" என்றேன்.

விட்டுவிடுகிறேன் என்று அவன் சத்தியம் எதுவும் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை. சத்தியம் செய்து முறித்தவன் நான். வைக்கும்போது மட்டும் ஒன்று சொன்னேன்.

"தீபத்துக்கு வரப்ப அந்த டப்பாவையும் எடுத்துக்கிட்டு வா. கத்திரிக்குத் தெளிக்க ஆகும். ஐஸ் வண்டி வாசனைக்குப் புழு சாகுதான்னு பாத்துடலாம்."

சிரித்தான். "சரிப்பா, எடுத்தாரேன்" என்றான்.

தீபத்துக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. கத்திரி நாற்று விட்டு வைத்திருக்கிறேன்.